டிவிடியில் இடம் காணாது

பிள்ளை மூக்கைப் பொத்துகிறாள். கருவாட்டு மணம்தான், இங்கே ஒருநாள் நின்றால் பழகிவிடும். நீர் அந்தக் கதிரையை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு இரும். அங்கே வெயில் முகத்தில் அடிக்கும்.

அம்மா பூசைக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு ஜொய்சி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள், முடிந்ததும் அவளே கொண்டுவந்து விடுவாள். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். நீர் வருவதாகச் சொல்லியிருந்தால் ஊர்காவற்றுறை பஸ் தரிப்பிடத்துக்கு வந்திருப்பேன். சண்டை முடிந்து கொழும்புப் பாதை திறந்ததும் திறக்காததுமாகப் பாரிசிலிருந்து பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்று கேட்டீர்: "அவர் சாகக் கிடக்கேக்கை மாமி ஏன் வரேல்லை? ஏன் ஒரு சொல்லுக்கூட அனுப்பேல்லை?"

நியாயமான கேள்வி. டிலோன் உமக்குப் புருஷன், எனக்குத் தம்பி. மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு முதலில் டிவிடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

வெளிநாட்டில் எடுத்து அனுப்புகிற கல்யாண வீடியோ பெரிய டிவிடியில் வரும். அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு படை. எங்கள் வீட்டுப் பிளேயரில் அதைப் போட்டால் படை மாறுகிற இடத்தில் படம் இறுகி நின்றுவிடும், பிறகு அசையாது. இங்கே கடைகளில் கிடைக்கிற வெறும் டிவிடிக்கு ஒரு படைதான். பெரியதில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் அதில் கொள்ளும். ஆகவே பெரியதைக் கொம்பியூட்டரில் ஏற்றி, சின்னதாக்கி, வெறும் டிவிடியில் அடித்துக் கொடுக்கவேண்டும். சின்னதாக்க இரண்டு வழி இருக்கிறது. முழுப் படத்தையும் நெரிக்கலாம். கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் வேண்டாத இடங்களை வெட்டி எறியலாம்.

சமாதான காலத்தில் நான் கொமினிக்கேசன் கடை போட்டபோது பழகிய வேலை இது. வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்க வருகிற சனம் டிவிடியையும் கையோடு கொண்டு வரும். வேலணை, மண்கும்பான், அனலைதீவிலிருந்துகூட வந்தார்கள். என் கையால் அடித்த டிவிடி நடுவில் நின்றது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அதற்கு முந்தி நான் கடலுக்குப் போனவன். டிலோன் உமக்கு அதைச் சொல்லியிருப்பான். எங்கள் ஐயா செத்துப் போனபிறகு அவருடைய வள்ளம் என் கைக்கு வந்தது. தொண்ணூற்றேழில் ஆமிக்காரர் டிலோனை இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போய் விசாரித்துவிட்டு விட்டார்கள். மூன்றாம் தரம் விடமாட்டார்கள் என்று பயந்து அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். அதற்காக வள்ளத்தையும் இயந்திரத்தையும் விற்றேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் விற்றேன். பிறகு வேறு ஆளுடைய வள்ளத்தில் கூலிக்குப் போனேன். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் கல்யாண டிவிடி இரண்டாயிரத்து நாலில் வந்தது. அம்மாவுக்குக் கொடுக்க முதல் கடையில் இருந்து முழுவதையும் பார்த்தேன். விருந்து நேரம் டிலோன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினானே, உமக்கு நினைவிருக்கும். நீர் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தீர். "எனக்காக எங்கட அம்மா வள்ளத்தை வித்தவ. இண்டைக்கு இந்தக் கோட்டோடை நான் நிக்கிறன் எண்டால் அது அம்மா தந்தது. அம்மா இல்லாட்டி நான் இல்லை" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள்.

பேச்சை இரண்டு மூன்று தரம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று. வரவில்லை. சனத்துக்கு முன்னால் நின்று பேசும்போது தடுமாறுவது வழக்கம்தான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஆனால் வீடியோ நீளம், டிவிடியில் இடம் காணாது. எதையாவது வெட்டத்தான் வேண்டும். கோயில் பூசையை வெட்டினால் அம்மாவுக்கு மனம் நோகும். சனம் ஆடுகிற ஆட்டத்தை வெட்டியிருக்கலாம், நீர் இப்போது அப்படித்தான் நினைப்பீர். நான் பேச்சை வெட்டினேன்.

அன்றைக்குப் பின்னேரம் அம்மா ரீவிக்கு முன்னால் பாயைப் போட்டு இருந்து முழுவதும் பார்த்தார். முடிந்தபிறகும் எழும்பவில்லை. "என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை, என்ன?" என்று கேட்டார். "அங்கத்தைக் கல்யாணம் அப்பிடித்தான் அம்மா" என்றேன். பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். பிறகு அங்கிருந்து குரல் வந்தது: "மோனை, நீ சாப்பிட்டனியா?"

இது உமக்கு ஒரு சாதாரணக் கேள்வி. டிலோன் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் கேட்கப்படுகிற கேள்வி வேறு. டிலோன் சாப்பிட்டிருப்பானோ, டிலோனுக்கு அங்கே குளிருமோ, இந்த நண்டு டிலோனுக்கு எவ்வளவு விருப்பம். நான் பிடித்த நண்டுதான். அன்றைக்குத்தான் அம்மா என் கோப்பையைப் பார்த்துச் சோறு போட்டார். நல்ல குழம்பு, நான் நிறையச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஞாயிறு பூசை முடிய அம்மா கடைக்கு வருவார், டிலோன் ரெலிபோன் எடுப்பான். இரண்டு பேரும் அழுவார்கள், கதை ஒன்றும் நடக்காது. இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டி ரெலிபோனும் நின்றது. அம்மாவின் கண்ணில் வெண்படலம் விழத் தொடங்கியதும் அந்த நேரம்தான்.

அடுத்த வருஷம் கப்பலில் வந்த ஒருவர் உங்கள் இரண்டாவது டிவிடியைக் கொண்டுவந்து தந்தார். பிள்ளையின் ஞானஸ்நானம். அதன் கடைசியில், விருந்தாட்கள் போனபிறகு, டிலோன் குசினியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவோடு பேசியிருந்தான். கமராவைப் பிடித்தது நீர்தான்.

முதலில் சொன்னான்: "அம்மா, இவளுக்கு உங்கட பேர்தான் வைச்சிருக்கிறம். மேரிஜோசப்பின்." அதைச் சொல்லும்போது சிரித்தான். பிறகு பிள்ளையை உம்மிடம் தந்துவிட்டுச் சொன்னான்: "நான் சுகமா இருக்கிறன் எண்டு பொய் சொல்ல விருப்பமில்லை அம்மா. ரத்தத்திலை வருத்தமாம். பிளேன் ஏற விடமாட்டினமாம். நீங்கள் ஒருக்கா கொழும்புக்கு வந்தால் காணும், விசாவுக்கு ஆள் ஒழுங்குபடுத்திப்போட்டன். வந்து என்ரை தலையைத் தடவிவிட்டிட்டுப் போங்கோ. அண்ணை கூட்டிக்கொண்டு வருவார். அவர் என்னை ஒருநாளும் கைவிடார்."

நான் யோசித்தேன். யோசிக்காமல் ஒன்றும் செய்யவில்லை. அந்த நேரம் இங்கிருந்து வெளிக்கிடுவது எப்படி என்று உமக்குத் தெரியாது. ஆமியிடம் பாஸ் எடுக்கவேண்டும், கப்பலுக்குப் பேர் வரும்வரை காத்திருக்கவேண்டும். அம்மாவுக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி, கண்ணும் மங்கல். கடல் கொந்தளிக்கிற காலம். இவ்வளவும் உண்மை. போன சனமும் இருக்கிறது, அம்மாவைவிட வயதான மனிசரெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் போன சனம் திரும்பி வரவில்லை. அம்மா பாரிசுக்குப் போனால் அங்கே டிலோன் இருக்கிறான், பேத்தி இருக்கிறாள். இங்கே என்ன இருக்கிறது?

ஞானஸ்நானத்தை வெறும் டிவிடியில் அடித்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். குசினியில் பேசியது அதில் இல்லை. பேரும் இல்லை. பிள்ளையின் பேரென்ன என்று கேட்டார். ஏதோ பிரெஞ்சுப் பேர், எங்கட வாயிலை வராது என்றேன்.

பிறகு ரெலிபோன் திரும்ப வேலை செய்யத் தொடங்கியது. டிலோன் கடைக்கு எடுத்தான். உமக்கு இந்தக் கதை ஒரு பக்கம்தான் தெரியும், மற்றப் பக்கத்தை இப்போது கேளும்.

"அம்மா பார்த்தவவோ அண்ணை?"

"பார்த்தவ."

"என்ன சொன்னவ?"

"இந்த வயதிலை கப்பலேற ஏலாதாம். வரமாட்டன் எண்டிட்டா."

"ஒருக்கா அவவைக் கூப்பிடுங்கோ, நான் கதைக்கிறன்" என்றான்.

"கேட்டனான் டிலோன். உன்னோடை கதைச்சால் மனம் மாறிப்போடுமாம், கூப்பிடாதை எண்டு சொல்லிப்போட்டா."

நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது. அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "சரி அண்ணை. அப்ப அவவைக் குழப்பாதேங்கோ" என்றான். அதற்குப் பிறகும் இடையிடையே எடுத்தான். அம்மா சாப்பிட்டாவா, மருந்து போடுகிறாவா என்று மட்டும் கேட்பான். வா என்று பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. வீட்டில் அம்மா கேட்பார், டிலோன் எடுத்தவனோ என்று. லைன் இல்லை என்று சொல்வேன்.

இரண்டாயிரத்து எட்டுத் தவக்காலத்தில் நீர் எடுத்தீர். அன்றைக்கு நீர் அழவில்லை, டிலோன் செத்ததை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னீர். வைக்க முதல் கேட்டீர், மாமியிடம் எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்று. அடுத்தநாள் திரும்ப எடுத்து, "மாமி தாங்கினவவோ?" என்று கேட்டீர். ஓம், தாங்கிக்கொண்டா என்றேன்.

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

இரும். எழும்பவேண்டாம். பிள்ளை பயப்படுகிறாள். முழுவதையும் கேட்டுவிட்டு எழும்பும்.

சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன். அம்மா கிணற்றடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என் காலடியைக் கேட்டுத் தலையை நிமிர்த்தி, "டிலோன் எடுத்தவனே?" என்றார். முகம் முழுக்க அந்தக் கேள்விதான் இருந்தது. ஓம் என்று சொல்லிவிட்டேன். பிறகு இன்னும் ஏதாவது சொல்லவேண்டி வந்தது. "நத்தாருக்கு டிவிடி அனுப்புறானாம்" என்றேன்.

பாரிசிலிருந்து செய்தி ஜொய்சிக்கு வந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு வாசல் படலைக்கு ஓடி வந்தாள். நான் வெளியிலேயே மறித்து, அம்மாவின் இருதயம் தாங்காது, கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். அவள் ஒழுங்கை முழுவதுக்கும் அதைச் சொல்லி வாயைக் கட்டிவிட்டாள். இரக்கத்தில் செய்தார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை. அம்மாவைக் கண்டால் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுத்தேன். பங்குச் சுவாமியிடம், பேர் சொல்லவேண்டாம், ஒரு ஆத்துமாவுக்காக என்று மட்டும் சொல்லுங்கோ என்று கேட்டேன். அம்மா எனக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார். திரும்பி வரும்போது கேட்டார்.

"ஆருக்கு மோனை இண்டைக்குப் பூசை?"

"வெளிநாட்டிலை செத்த ஒரு பெடியனுக்காம்."

"தாய் இருக்கிறாவோ?"

"ஓம், இருக்கிறா."

"ஐயோ பாவம்" என்றார். வீடு வந்துசேரும்வரை அந்தத் தாய்க்காகச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

யேசு பாலன் பிறந்த நத்தார் வந்தது. டிவிடி அனுப்புகிறான் என்று சொல்லியாயிற்று. வெட்டினதையெல்லாம் நான் எறிந்துவிடவில்லை, கொம்பியூட்டரில் வைத்திருந்தேன். பேர் வைத்த இடத்தை மட்டும் எடுத்து ஞானஸ்நானத்தின் வேறு துண்டுகளோடு சேர்த்து அடித்தேன். அம்மாவுக்கு அப்போது ரீவியில் வெளிச்சம் அசைவது மட்டும்தான் தெரியும். குரலைக் கேட்பதற்காகக் காதை ரீவியோடு ஒட்டிவைத்துக்கொண்டு இருந்தார். மேரிஜோசப்பின் என்று டிலோன் சொன்னதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். "என்ரை பேரே வைச்சவன்" என்றார். "நீ பிரெஞ்சுப் பேர் எண்டெல்லே சொன்னனீ?" "மாத்தியிருப்பினம் அம்மா" என்றேன். அதைப் பற்றிப் பிறகு கேட்கவே இல்லை. அவ்வளவு சந்தோசம்.

இந்த வருஷம் உயிர்த்த ஞாயிறுக்குக் கல்யாணப் பேச்சைக் கொடுத்தேன். வேறு என்ன மிச்சம் இருந்தது? அம்மா தலையைச் சரித்துக்கொண்டு கேட்டார். "இப்ப குரல் தெளிஞ்சு கிடக்கு மோனை. முந்திப் பேசினதைவிட இளமையாக் கிடக்கு. அங்கை நல்ல சுகமா இருக்கிறான்போல" என்றார். ஓம் என்றேன்.

பிறகு அந்த வள்ளத்துக் கதை வந்தது. அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "நானோ வித்தனான்? என்ன விசர்க் கதை கதைக்கிறான். என்ரை மூத்தவன் டெனிஸ்ரனெல்லோ தன்ரை வள்ளத்தை வித்து அனுப்பினவன்" என்று ரீவியோடு சண்டை பிடித்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டித் தேடி, முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நீ மனசிலை வைச்சிருக்காதை ராசா. அவன் மறந்தாலும் நான் மறக்கேல்லை. நீ இல்லாட்டி இந்த வீட்டிலை ஒருத்தரும் உயிரோடை இல்லை" என்றார்.

கல்யாண டிவிடி வந்த அன்றைக்கே அந்தப் பேச்சை நான் விட்டுவைத்திருந்தால், அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பார். இதை நான் அறிந்துகொண்டபோது டிலோன் மண்ணுக்குள் போய் ஒரு வருஷமாகிவிட்டது. அன்றைக்கு நான் வெளியில் போய்ப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே அம்மா திரும்பவும் போடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்து போட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும், நீர் வேறு யாரிடமோ கேட்டு அறிவதைவிட நானே சொல்வது நல்லது. ஆடி மாதம் கண் டொக்டர்மார் இங்கே வந்து வெண்படலம் எடுக்க ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள். காசில்லாமல் செய்வார்கள், ஒரே நாளில் வீட்டுக்கு வரலாம். ஜொய்சி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஆயத்தமாக வந்தாள். சலரோகத்தோடு கண்ணில் கத்தி வைப்பது ஆபத்து என்று சொல்லி மறித்தேன். டொக்டரிடம் கேட்கவில்லை. பார்வை வந்தால் அம்மா எல்லா டிவிடியையும் திரும்பப் பார்ப்பார். புதிது என்று நான் கொடுத்ததில் அதே பழைய கல்யாணக் கோட்டோடு நிற்கிற டிலோனைக் கண்டால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாரும்.

இருட்டில் இருப்பது அம்மாவுக்குப் பழகிவிட்டது. நான்தான் தலை வாரிவிடுகிறேன். மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறேன். இந்தத் தீவில் எத்தனை தாய்மாருக்கு அப்படி ஒரு பிள்ளை இருக்கிறான் என்று ஜொய்சியே கேட்பாள்.

நீர் கேட்டதற்கு இதுதான் பதில். மாமி ஏன் வரவில்லையென்றால், வரச்சொன்னது அவருக்குத் தெரியாது. டிலோன், தாய் தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு செத்தான். அப்படி நினைக்க வைத்தவன் நான். இடம் காணாமல் வெட்டினேன் என்று எனக்கு நானே நெடுகச் சொல்லியிருக்கிறேன். குரலுக்கு டிவிடியில் இடமே தேவையில்லை. அவன் அன்றைக்குப் பேசிய முழுவதும் எந்த வெறும் டிவிடியிலும் ஒரு மூலைக்குள் அடங்கும். படத்தை இன்னும் கொஞ்சம் நெரித்திருந்தால் போதும், ஆட்டமும் பூசையும் பேச்சும் எல்லாமே கொண்டிருக்கும். அது எனக்கு முதல் நாளே தெரியும்.

இந்த நத்தாருக்கும் ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். குசினியில் பேசினதுதான், வேறு ஒன்றும் மிச்சமில்லை. அதில் அவன் "நான் சுகமா இருக்கிறன்" என்று சொல்கிற இடத்தோடு நிறுத்திவிட்டேன். மிச்சச் சொல் வெட்டுப்பட்டது காதுக்குத் தெரியாது. நல்ல சுத்தமாக வந்திருக்கிறது.

படலைச் சத்தம் கேட்கிறது. ஜொய்சியின் குரல். அம்மா உம்முடைய குரலை உடனே பிடித்துவிடுவார், உம்மைக் கட்டிப்பிடித்து அழுவார், பிள்ளையின் முகத்தைத் தடவிப் பார்ப்பார். பிறகு டிலோன் எங்கே என்று கேட்பார். கண்ணைத் துடையும். அவருக்கு லீவு கிடைக்கேல்லை, வருற வருஷம் வருவார் எண்டு மட்டும் சொல்லும், காணும்.

அம்மாவை நோகடிக்க இந்த வீட்டில் ஒருவருக்கும் மனம் வராது.